கஞ்சமலையில் சோதித்துக் கடலுக்கு எடுத்துப் போங்கள்: முதல் மெட்டல் டிடெக்டர் வாங்குவோருக்கு

ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி என்று ஊர் ஊராகக் கடந்து கடலூர் வெள்ளிக் கடற்கரையில் கால் வைக்கச் சேலத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டும். கடலை அவ்வளவு தூரத்தில் வைத்துக்கொண்டு, அஸ்தம்பட்டியில் மொட்டை மாடியில் நின்று மெட்டல் டிடெக்டரை இடமும் வலமுமாக வீசிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, மாடியிலேயே புதையலா?" என்றார். கருவி விடாமல் அலறிக்கொண்டிருந்தது. தளத்துக்குள் கட்டியிருக்கும் முறுக்குக் கம்பிகளின் மேல்தான் நிற்கிறேன் என்பது உறைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இணையத்தில் பார்த்து வாங்கிய கருவி அது. கடற்கரையில் அதன் கதை இன்னும் மோசம். ஈர மணலை நெருங்கியதும் ஓயாமல் கத்தியது. காய்ந்த மணலில் நானே போட்டு வைத்த ஒரு ரூபாயைக் கண்டும் காணாததுபோல் தாண்டிப் போனது. இரண்டுமே கருவியின் பழுது அல்ல. எந்த மணலில் எந்தக் காசைத் தேடப் போகிறேன் என்று யோசிக்காமல் பணத்தைக் கொடுத்தது என் பிழை. அந்த யோசனையைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். அதில் பெரும்பகுதியைச் சேலத்தை விட்டு நகராமலே முடித்துவிடலாம்.

முதலில் உண்டியலைக் கொட்டுங்கள்

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று போதும். உண்டியல் சில்லறையைத் தரையில் கொட்டி ஒவ்வொரு நாணயத்திலும் அதை வைத்துப் பாருங்கள். 1992 முதல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். எவர்சில்வர் 50 காசும், பிற்பாடு வந்த வட்டமான இரண்டு ரூபாயும் அப்படியே. பழைய பதினொரு மூலை இரண்டு ரூபாயும் தடித்த பழைய ஐந்து ரூபாயும் செம்பும் நிக்கலும் கலந்தவை, ஒட்டாது. மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நிக்கல் பித்தளை, அதுவும் ஒட்டாது. தாத்தா பெட்டியில் கிடக்கும் அலுமினியப் பத்துக் காசு, சதுர ஒரு காசு, ஓட்டைக் காலணா எதையும் காந்தம் சீண்டாது.

ஒட்டுகிற காசுகள் ஃபெரிட்டிக் வகை எவர்சில்வரில் ஆனவை. நூற்றுக்கு 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். மெட்டல் டிடெக்டரின் கண்ணுக்கு இது பாதி ஆணி மாதிரிதான். வெளிநாட்டுக்காரர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழுக்குகிற இடம் இது. இரும்பை ஒதுக்கும் முறையில் கருவியை வை, ஆணி சத்தமெல்லாம் அடங்கிவிடும், நாணயம் மட்டும் கேட்கும் என்று அவர்கள் சொல்வார்கள். அவர்களுடைய காசில் செம்பும் நிக்கலும் வெள்ளியும் அதிகம், அதனால் அது அவர்களுக்குச் சரி. நம் கடற்கரையில் அப்படி வைத்தால் ஆணியோடு சேர்ந்து ஒரு ரூபாய்களும் வாயை மூடிக்கொள்ளும், அல்லது எந்த உலோகம் என்று சொல்லத் திரையில் வரும் எண் நிலைக்காமல் தாவும். ஆகவே முதல் நிபந்தனை, இரும்பு ஒதுக்குவதை முழுமையாக நிறுத்தி வைக்கவும், உலோகத்துக்கு உலோகம் வேறு சுருதியில் ஒலிக்கவும் வசதி உள்ள கருவியாக அது இருக்க வேண்டும். ஒரே 'பீப்' மட்டும் போடுகிற பொம்மைக் கருவிகள் இங்கேயே கழிந்துவிடும்.

இந்த எவர்சில்வர் காசுக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது. கஞ்சமலைப் பக்கம் உள்ள சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகட்டிலிருந்து நாணய வில்லைகளை வெட்டித் தரும் பிரிவு உண்டு. இங்கே வெட்டிய வில்லை நாணயச் சாலையில் முத்திரை வாங்கி, எத்தனையோ கை மாறி, கடலூரில் யாரோ சுண்டல் வாங்கும்போது நழுவி விழுந்து, கடைசியில் ஒரு சேலத்துக்காரனின் சல்லடையில் வந்து உட்காரலாம். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம்.

காய்ந்த மணலா, ஈர மணலா?

கருவியின் அடியில் தட்டுபோல் இருப்பது காயில். அதில் மாறி மாறி ஓடும் மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்சுழல்கள் எழுந்து பதில் புலம் ஒன்றைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதிலைத்தான் நாம் சத்தமாகக் கேட்கிறோம். சிக்கல் என்னவென்றால் உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்தும். அலை தொட்டுப் போன மணலை மொத்தமாக ஓர் உலோகப் பலகை என்று எண்ணிக் கருவி கத்தத் தொடங்கிவிடும்.

ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவிகளுக்கு இதிலிருந்து தப்புவது கடினம். கேரட் நிறுவனத்தின் ஏஸ் 300, நோக்டாவின் சிம்ப்ளெக்ஸ் போன்றவை இந்த வகை. காய்ந்த மணலில் நன்றாகவே உழைக்கும், விலையும் கட்டுப்படும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி, வருகிற பதில்களை ஒப்பிட்டு உப்பின் குரலைக் கழித்துவிடும் கருவிகள் அடுத்த வகை. மைன்லேபின் வான்குவிஷ், ஈக்வினாக்ஸ் வரிசைகளும் நோக்டாவின் லெஜண்டும் இதில் அடங்கும். மூன்றாவதாகப் பல்ஸ் இண்டக்ஷன் என்று ஒன்று உண்டு. உப்பையும் இரும்புத் தாது கலந்த கருமணலையும் பொருட்படுத்தாமல் ஆழமாகப் பார்க்கும். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்லாது. மீன்பிடி படகுகளின் ஆணிகள் விதைத்துக் கிடக்கும் கரையில், முதல் கருவியாக அதை வாங்கினால் ஒரு மாதத்தில் இடுப்பு ஒடிந்து கருவியை விற்றுவிடுவீர்கள்.

எதை வாங்குவது? நம் கிழக்குக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் குறைவு. கடலூர், புதுச்சேரிப் பக்கம் சாதாரணமாக ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. காணொளிகளில் வருவதுபோல் கடல் அரை கிலோமீட்டர் உள்வாங்கி நமக்கு நிலம் திறந்துவிடாது. ஈர மணல் என்பது குறுகலான ஒரு பட்டைதான். ஜனம் உட்காருவதும் தின்பதும் காசை நழுவவிடுவதும் காய்ந்த மணலில். இந்தக் கணக்குப்படி ஒற்றை அதிர்வெண் கருவியே போதும் என்று நியாயமாக வாதாடலாம்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மோதிரமும் கொலுசும் கழன்று போவது காலை நனைக்கும் இடத்தில். கடற்கரை ஊர்க்காரர் ஈர மணல் ஒத்துவரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வரலாம். நமக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமையும் 400 கிலோமீட்டர் பெட்ரோலும் போய்விடும். கையில் இருக்கும் பணத்துக்குப் பல அதிர்வெண் கருவிகளில் அடித்தட்டில் உள்ளது கிடைக்குமானால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆறு மாதம் சேர்த்து வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறைதான் குடும்பத்தோடு கடலுக்குப் போவேன், மற்ற நாளில் தோட்டத்தில் தேடுவேன் என்கிறவர்களுக்கு மட்டும் ஒற்றை அதிர்வெண் பொருந்தும்.

நீர் புகாத தன்மையைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'நீரில் பயன்படுத்தலாம்' என்று அட்டையில் போட்டிருந்தாலும், காயிலை மட்டும் சொல்கிறார்களா, முழுக் கருவியையுமா என்பதுதான் கேள்வி. முதலில் வந்த வான்குவிஷ் 340, 440, 540 மூன்றிலும் காயில் நனையலாம், மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. ஈக்வினாக்ஸ் 600, 800 கருவிகளை முழுதாக 3 மீட்டர் ஆழம் வரை இறக்கலாம். வங்கக் கடலின் அலை முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை.

எடையைப் பொறுத்தவரை 1.3 கிலோவுக்குள் இருந்தால் போதும். கடையில் ஐந்து நிமிடம் வீசிப் பார்த்தால் எல்லாமே லேசாகத்தான் தெரியும், இருபது நிமிடம் வீசிப் பாருங்கள். காயில் டபுள் டி வகையாக, அதாவது உள்ளே D வடிவில் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளதாக இருக்கட்டும், இரும்பு கலந்த மண்ணில் அதுதான் நிதானம் காட்டும். ஹெட்போன் செருகும் வசதி கட்டாயம் வேண்டும், அலைச் சத்தத்தில் வெறும் ஸ்பீக்கர் எடுபடாது. நூறு மீட்டர் தொலைவில் புதைந்திருக்கும் தங்கத்தைக் காட்டும் என்று யாராவது இரண்டு கம்பி முளைத்த பெட்டியை நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒற்றை நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில் கண்டால் நல்ல கருவி, அவ்வளவுதான். அந்தப் பெட்டி மோசடி.

சேலத்திலேயே மூன்று சோதனைகள்

பழைய கருவி வாங்குகிறீர்கள் என்றால் பணம் கொடுக்கும் முன், புதிது என்றால் திருப்பித் தரும் கெடு முடியும் முன், இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

முதல் சோதனை மண் தரையில். காங்கிரீட் வேண்டாம், காரணம் மேலே சொல்லியாயிற்று. மின்கம்பிக்குக் கீழேயும் வேண்டாம். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள், கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். ஒரு ரூபாய், பழைய ஐந்து, மஞ்சள் ஐந்து, பத்து, இருபது, அலுமினியக் காசு, கிடைத்தால் ஒரு செப்புக் காலணா, சோடா மூடி, மூன்று அங்குல ஆணி, சிகரெட் பெட்டித் தாள் எல்லாவற்றையும் எட்ட எட்டப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் காயிலை வீசித் திரையில் வரும் எண்ணையும் காதில் விழும் ஒலியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கருவியோடு வரும் கையேட்டில் அமெரிக்கக் காசின் எண்தான் இருக்கும், நமக்கு உதவாது. இந்த நோட்டுதான் உங்கள் கையேடு.

அப்படியே வீட்டில் கேட்டுத் தங்க மோதிரம் ஒன்றையும் வெள்ளிக் கொலுசு ஒன்றையும் வைத்துப் பாருங்கள். மெல்லிய மோதிரத்தின் எண்ணும் சிகரெட் தாளின் எண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதைப் பார்ப்பீர்கள். தாளை ஒதுக்கினால் தங்கமும் ஒதுங்கிவிடும். கொலுசு இன்னும் விசித்திரம். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை பட்டறையாகக் கொலுசு கட்டுகிற ஊர்க்காரர்கள் நாம். அவ்வளவு வெள்ளி இருந்தும் கருவி ஏன் தயங்குகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கொலுசைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. கருவிக்கு அது ஒரு பொருள் அல்ல, சின்னச் சின்ன வளையங்களின் கூட்டம். ஒவ்வொரு வளையமும் தனித்தனியாக முணுமுணுக்கும். தெளிவாகக் குரல் கொடுப்பது திருகாணி இருக்கும் முனைதான், அங்கேதான் வெள்ளி ஒரே கட்டியாக இருக்கிறது. கடற்கரையில் மெலிந்த, உடைந்த சத்தத்தை அலட்சியப்படுத்தக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தத் திருகாணி.

இரண்டாவது சோதனைக்குக் கடலை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஆற்று மணலை நிரப்புங்கள். எம்-சாண்ட் வேண்டாம், பாறைப் பொடியில் இரும்புத் துகள் கலந்திருக்கலாம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பத்து லிட்டர் தண்ணீருக்கு 350 கிராம் கல்லுப்பைக் கரைத்து மணல் நனைய ஊற்றுங்கள். இப்போது காயிலை மெல்லக் கீழே இறக்கினால் ஒற்றை அதிர்வெண் கருவி பொருமத் தொடங்கும். பல அதிர்வெண் கருவியைக் கடற்கரை முறைக்கு மாற்றிவிட்டு இறக்கினால் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கடைக்காரர் சொல்வதையும் சொல்லாததையும் இந்தத் தொட்டி சொல்லிவிடும்.

மூன்றாவதற்குக் கஞ்சமலைப் பக்கம் போங்கள். கருமணல் என்று கடற்கரையில் கோடு கோடாகப் படிந்திருப்பதில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது கலந்திருக்கும். அதே மேக்னடைட்தான் கஞ்சமலைக் கல்லில் இருக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-இல் கடலோரப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது சேலத்துத் தாதுவை நம்பித்தான் தொடங்கினார். அவர் நம் மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோனார், நாம் கடலுக்கான ஒத்திகையை இங்கே பார்க்கிறோம். மலைமேல் காப்புக்காடு, அங்கே ஏற வேண்டாம். அடிவாரத்தில் தெரிந்தவர் யாருடைய காட்டிலாவது கேட்டுக்கொண்டு வீசுங்கள். காடு என்றால் எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலம், மரக்காடு அல்ல.

அங்கே 'கிரவுண்ட் பேலன்ஸ்' என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கும். காயிலை மேலும் கீழுமாகப் பம்புபோல் அசைத்து, இந்த மண்ணின் குரல் இது, இதைக் கணக்கில் எடுக்காதே என்று கருவிக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அது. சில கருவிகள் தாமாகவே செய்துகொள்ளும், சிலவற்றில் நாம் பொத்தானை அழுத்த வேண்டும், மலிவானவற்றில் அந்த வசதியே இருக்காது. கைப்பிடியளவு கறுப்புக் கல் ஒன்றை எடுத்துக் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் அதன்மேல் காயிலை வீசுங்கள். என் பழைய கருவி அந்தக் கல்லைப் புதையல் என்று கூவியது. மண்ணுக்குப் பழக்கிய பின், சென்சிட்டிவிட்டி என்ற உணர்திறன் அளவை இரண்டு படி குறைத்தும், கத்திக்கொண்டே இருக்கும் கருவி கருமணலிலும் கத்தும். ஏற்காட்டுச் செம்மண்ணில் இதே கருவி கொஞ்சம் முணுமுணுத்ததோடு நிறுத்திக்கொண்டது. அங்கே மட்டும் சோதித்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

கூடவே வேண்டியவை

மணல் அள்ளும் சல்லடைக் கரண்டியை வெளியூரிலிருந்து வரவழைக்காதீர்கள். எவர்சில்வர் தகட்டை வளைத்து, 10 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, முழ நீளக் கைப்பிடி வைத்துத் தரச் சேலத்தில் எந்த வெல்டிங் பட்டறையிலும் சொல்லலாம். நம் காசுகளில் சிறியதான புதிய 50 காசே 19 மில்லிமீட்டர் அகலம், நழுவாது. தகடு ரொம்ப மெலிதாக வேண்டாம், என் முதல் கரண்டி ஈர மணலின் கனத்தில் வளைந்துவிட்டது. குழிக்குள் விரல்போல் நீட்டிப் பொருளைத் தொட்டுக் காட்டும் பின்பாயின்டர் இரண்டாம் மாதம் வாங்கினால் போதும். இடுப்பில் இரண்டு பைகள், ஒன்று காசுக்கு, ஒன்று குப்பைக்கு. குப்பைப் பைதான் முதலில் நிறையும்.

கிளம்பும் முன் சட்டம்

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பத்து ரூபாய் என்பது 1878-இல் பெரிய தொகை, இன்று ஒரே ஓர் இருபது ரூபாய் நாணயம் அதைத் தாண்டிவிடும். நேற்று சுற்றுலா வந்தவர் தவறவிட்ட சில்லறைக்காக யாரும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பழங்காசுகள் கும்பலாகவோ பானையிலோ தென்பட்டால் தோண்டுவதை அந்த நொடியே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள். நூறு ஆண்டைத் தாண்டிய பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் உண்டு. அரிக்கமேடு, மாமல்லபுரம், பூம்புகார், தரங்கம்பாடிக் கோட்டை போன்ற இடங்களின் பக்கமே கருவியோடு போக வேண்டாம்.

பெயர் பொறித்த மோதிரம், தாலி, அடையாளம் தெரிகிற நகை எது கிடைத்தாலும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். கரைக்குப் போனதும் அதே காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. இரவில் தேட வேண்டாம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை கட்டாயம் வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது.

முதல் நாள்

காணும் பொங்கலுக்கு மறுநாள் விடிகாலையைவிட நல்ல நாள் கிடையாது. மாசி மகத்துக்கு அடுத்த நாளும் அப்படியே. கடையோரம், ராட்டினம் நின்ற இடம், செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலுக்கு இறங்கும் வழி, இவற்றில் தொடங்குங்கள். புதுச்சேரி நகரக் கடற்கரைச் சாலையை நினைத்துப் போகாதீர்கள், அங்கே பெரும்பகுதி பாறாங்கல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கரை மணலை அரித்துச் சுவர்போல் வெட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த வெட்டின் அடிவாரத்தைத் தவறவிடாதீர்கள், ஆழத்தில் கிடந்த கனமான பொருள்கள் அங்கே வெளிப்படும்.

காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்பாக மீசை முளைத்தால் கருமணல் அதிகம், அங்கேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள். காயிலை மணலை உரசுவதுபோல் தாழ்வாக, மெதுவாக, ஒரே உயரத்தில் வீசுங்கள். புல் அறுக்கிறவர்போல் ஓரத்தில் தூக்கிவிடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. முதல் நாள் சத்தம் கேட்ட எல்லாவற்றையும் தோண்டுங்கள். வலைக்காரர்களின் ஈயக்குண்டும் சோடா மூடியும் எப்படி ஒலிக்கும் என்று காது பழக வேறு வழியில்லை. தோண்டிய குழியை உடனே காலால் தள்ளி மூடிவிடுங்கள். என் முதல் நல்ல நாளில் கிடைத்தவை பதினொரு சோடா மூடி, ஏழு ஈயக்குண்டு, 14 ரூபாய்.

திரும்பி வந்ததும்

கருவியை நல்ல தண்ணீரில் துடைத்தோ, முழுக்க நீர் புகாததானால் கழுவியோ நிழலில் உலர வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பழைய செப்புக் காசு எது கிடைத்தாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பச்சைப் படலம் போனால் மதிப்பும் போகும். காயிலின் அடியில் பிளாஸ்டிக் உறை இருக்கும். அதைக் கழற்றி உள்ளே சேர்ந்திருக்கும் கருமணலைக் கொட்டிவிடுங்கள். கொட்டாமல் விட்டால் அடுத்த முறை ஒவ்வொரு வீச்சுக்கும் கருவி பொய்ச் சத்தம் போடும்.